செரான் சரிவில் ஒரு மண்கட்டி

மாட்டுக் கொம்புக்குள் சாணத்தை அடைத்து மண்ணில் புதைத்தால் திராட்சைத் தோட்டம் தழைத்துவிடுமா? பிரான்சின் ஆன்ழே நகரத்துக்குக் குடிவந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. ஊரில் இயற்கை வேளாண்மை செய்யும் நண்பர்கள், ஆமாம், தழைக்கும் என்கிறார்கள். 'கூலே த செரானில் அப்படித்தானே செய்கிறார்கள், உலகமே அந்த ஒயினைக் கொண்டாடுகிறதே' என்று இங்கிருக்கும் தோட்டத்தையே எனக்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். இங்கே எனக்குத் தெரிந்த வேளாண் பட்டதாரிகளோ, அது வெறும் சடங்கு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு பதிலும் எனக்கு ஒட்டவில்லை. ஒரு தரப்பு கொம்பைக் கும்பிடுகிறது, மறு தரப்பு அதைத் தூக்கி எறிகிறது. அந்தச் சரிவின் தரை எப்படி இருக்கிறது என்று இரண்டு தரப்புமே குனிந்து பார்க்கவில்லை என்பது என் மனக்குறை.

கூலே த செரான் பெரிய தோட்டமில்லை. சுமார் 7 ஹெக்டேர், நம் கணக்கில் 17 ஏக்கர் சொச்சம். ஆன்ழேவுக்குத் தென்மேற்கே, சவெனியேர் கிராமத்தை ஒட்டி, லுவார் ஆற்றின் வடகரையில் வெயிலைப் பார்த்துச் சரிந்து கிடக்கிறது. 1130-ஆம் ஆண்டில் சிஸ்டெர்சியன் துறவிகள் இங்கே முதல் கொடிகளை நட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இந்தச் சரிவில் திராட்சைதான். ஷெனின் பிளாங் என்ற ஒரே ரகம். பிரான்சில் ஓர் ஊருக்கோ வட்டாரத்துக்கோ, தன் பெயரையே ஒயினுக்குச் சட்டப்படி சூட்டும் தனிப் பெயருரிமை இருப்பது வழக்கம். ஒரே குடும்பத்தின் கையிலுள்ள ஒற்றைத் தோட்டத்துக்கு அது கிடைப்பது அபூர்வம், இதற்குக் கிடைத்திருக்கிறது. உணவைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற கியூர்னோன்ஸ்கி, நாட்டின் மிகச் சிறந்த ஐந்து வெள்ளை ஒயின்கள் என்று போட்ட பட்டியலில் மோன்ராஷே, இக்கேம் ஆகியவற்றோடு இதையும் சேர்த்தார். அந்தப் பட்டியல் போடப்பட்ட காலத்தில் இங்கே யாரும் கொம்பைப் புதைக்கவில்லை. இதை இப்போதே சொல்லி வைத்துவிடுகிறேன்.

கொம்பு வந்தது நிக்கோலா ஜோலியோடு. நியூயார்க்கில் மோர்கன் வங்கியில் வேலை பார்த்துவிட்டு 1970களின் பிற்பகுதியில் குடும்பத் தோட்டத்துக்குத் திரும்பியவர் அவர். அதுவரை அவருடைய அம்மா பழைய முறையிலேயே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேளாண் ஆலோசகர் ஒருவர் வந்து, களைக்கொல்லி அடித்தால் கூலி மிச்சமாகும் என்று புதியவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஜோலி அடித்தார். இரண்டே ஆண்டுகளில் மண்ணின் நிறம் மாறிவிட்டது, பொறிவண்டுகளைக் காணவில்லை, கௌதாரிகளும் போய்விட்டன என்று அவரே பல முறை சொல்லியிருக்கிறார். அந்தச் சமயத்தில்தான், கொம்பு உரமும் நிலா நாள்காட்டி பார்த்து வேலை செய்வதும் கொண்ட பயோடைனமிக் வேளாண்மை பற்றிய ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்தது. 1980 வாக்கில் ஒரு பகுதியில் செய்து பார்த்து, 1984-க்குள் தோட்டம் முழுவதையும் மாற்றினார். பிரான்சின் ஒயின் உலகில் இந்த முறைக்கு அவரைப் போலக் குரல் கொடுத்தவர்கள் குறைவு. 2001-ல் இதே வழியில் நடக்கும் தோட்டக்காரர்களைச் சேர்த்து ஓர் அமைப்பையும் தொடங்கினார். பிறகு மகள் விர்ஜினியும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் புத்தகம் கைக்கு வந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய வாக்கியத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. இரண்டே ஆண்டுகளா? தேனி மாவட்டத்தில், சுருளிப்பட்டிப் பக்கம், எங்கள் சொந்தக்காரர்கள் பந்தல் திராட்சை போட்டிருக்கிறார்கள். பன்னீர் திராட்சை. களைக்கொல்லி அங்கேயும் புதிதில்லை. ஆனால் இரண்டு ஆண்டில் மண்ணின் நிறம் மாறியது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே தெரியாதது இங்கே ஏன் அவ்வளவு சீக்கிரம் தெரிந்தது?

ஏடு ஏடாகப் பிரியும் கல்

ஆன்ழேவில் எந்தக் கூரையைப் பார்த்தாலும் கறுப்பு சிலேட்டுக் கல்தான். பக்கத்திலுள்ள த்ரெலாஸே சுரங்கத்தில் பல நூற்றாண்டுகளாக வெட்டியெடுத்த கல் அது. 2013-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஆற்றோடு கிழக்கே சோமூர் பக்கம் போனால் வீடுகள் எல்லாம் வெளேரென்று சுண்ணாம்புக் கல்லுக்கு மாறிவிடும். அதனால் இந்த ஆன்ழூ வட்டாரத்தையே கறுப்பு ஆன்ழூ, வெள்ளை ஆன்ழூ என்று பிரித்துப் பேசுவார்கள். சவெனியேர் கறுப்பின் பக்கம். பிரித்தானி வரை நீளும் பழைய மலைத்தொடர் தேய்ந்து தேய்ந்து மிஞ்சிய அடிப்பாறை இது. அழுத்தத்தில் நெரிந்து, அடுக்கடுக்காகப் பிரியும் ஷிஸ்ட் பாறை. இடையிடையே குவார்ட்ஸ் நரம்புகளும் எரிமலைக் கற்களும் ஓடும்.

இந்தப் பாறையின் மேல் மண் கொஞ்சம்தான். சரிவின் மேற்பகுதியில் நடைபாதை ஓரமாக மண் சரிந்து வெட்டுமுகம் தெரியும் ஓர் இடம் இருக்கிறது. நான் அங்கே அடிக்கடி நிற்பேன். மேலே புல்வேர், அதன் கீழே பழுப்பும் ஊதாவும் கலந்த உடைகல்லோடு முழங்கை ஆழத்துக்கு மண், அதற்கும் கீழே நேராகப் பாறை. பாறையின் ஏடுகள் கிடையாகப் படுத்திருக்கவில்லை, ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கின்றன. இரண்டு ஏடுகளுக்கு நடுவே, நகம்கூட நுழையாத இடுக்கில், ஒரு திராட்சை வேர் நசுங்கித் தட்டையாகி, நாடா போல இறங்கியிருந்தது. அதன் இரு பக்கமும் ஈரம். ஆகஸ்ட் மாதம், மேல் மண் புழுதியாகப் பறந்துகொண்டிருந்தது, அந்த இடுக்கில் மட்டும் விரலை வைத்தால் சில்லென்று இருந்தது.

மண்ணுக்கும் ஒயினுக்கும் உள்ள தொடர்பில் ஆய்வுகளுக்கும் ஒப்புதலான பகுதி இதுதான். பிரான்சின் இன்னொரு ஒயின் வட்டாரமான போர்தோவில் ஆய்வாளர் ழெரார் செகான் பல ஆண்டுகள் நல்ல தோட்டங்களின் மண்ணை ஆராய்ந்தார். பெயர்பெற்ற தோட்டங்களுக்கெல்லாம் பொதுவான இரசாயனக் கலவை எதுவும் அவருக்கு அகப்படவில்லை. தண்ணீரை எப்படி வடிக்கிறது, எப்படிப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறது என்பதில்தான் அவை ஒத்துப்போயின. கல்லின் சுவை வேர் வழியாக ஏறி ஒயினுக்கு வருகிறது என்று விளம்பரங்களில் எழுதுகிறார்களே, அதை வேல்ஸில் பேராசிரியராக இருந்த நிலவியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் பொறுமையாக மறுத்துவருகிறார். கொடி உறிஞ்சுவது நீரில் கரைந்த சத்துகளை. அவை ஒயினில் நாக்குக்குத் தெரியாத அளவில்தான் இருக்கின்றன, பாறைக்கோ சுவையே கிடையாது. நான் அவர் பக்கம். செரான் ஒயினில் சீமைமாதுளையும் தேனும் கலந்த வாசம் வரும், கடைசியில் லேசான கசப்பு தங்கும். மறுநாள் குடித்தால் முதல் நாளைவிட நன்றாக இருக்கும். ஒரு நாள் முன்னதாகவே பாட்டிலைத் திறந்து ஊற்றி வையுங்கள் என்று தோட்டத்திலேயே சொல்கிறார்கள். இதெல்லாம் கல்லின் சுவை என்று நான் சொல்ல மாட்டேன். சத்துக் குறைந்த மண், கணக்காகக் கிடைக்கும் தண்ணீர், வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும் கறுங்கல், அதனால் சிறுத்துத் திரண்ட பழம். அதையும் ஒரேயடியாகப் பறிக்காமல் பழுக்கப் பழுக்கப் பல நடையாகப் பறிக்கிறார்கள். கல் செய்யும் வேலையாக எனக்குத் தெரிவது இவ்வளவும்தான், இதுவே பெரிய வேலை.

நூறு கிராம் சாணம்

சரி, கொம்புக்கு வருவோம். 1924 ஜூனில் ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர், அப்போது ஜெர்மனியிலும் இப்போது போலந்திலும் இருக்கும் கோபர்விட்ஸில், விவசாயிகளுக்கு எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். பயோடைனமிக் முறையின் வேர் அங்கே இருக்கிறது. இரசாயன உரம் வந்த பிறகு மண்ணும் விதையும் நலிந்துபோகின்றன என்று கவலைப்பட்ட விவசாயிகள் கேட்டுக்கொண்டதால் நடந்த கூட்டம் அது. பசுவின் சாணத்தைக் கொம்பில் அடைத்து இலையுதிர்காலத்தில் புதைத்து, வசந்தத்தில் எடுப்பது கொம்புச் சாண உரம். அரைத்த குவார்ட்ஸைக் கொம்பில் இட்டுக் கோடையில் புதைப்பது கொம்புச் சிலிக்கா உரம். இவை போக மட்குக் குவியலில் சேர்க்கச் சீமைச்சாமந்தி, காஞ்சொறி, ஓக் பட்டை என்று மூலிகைத் தயாரிப்புகள் உண்டு. பழனி மலையில் சில பண்ணைகளில் இவற்றையெல்லாம் ஆண்டுக்கணக்காகச் செய்துவருகிறார்கள் என்பதால் நம்மவர்களில் பலருக்கு இது தெரிந்த விஷயம்தான்.

இங்கே ஒரு சிறிய தோட்டத்தில் சாண உரத்தைக் கலக்கும்போது கூட இருந்து பார்த்திருக்கிறேன். கொம்பிலிருந்து தட்டியெடுத்த சாணம் கறுத்து, ஈரமான காப்பித்தூள் போல உதிர்ந்தது. சாண வாடையே இல்லை, காட்டு மண்ணின் வாசம். மரத்தொட்டியில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, நீளக் கழியால் ஒரு பக்கமாகச் சுழற்றி, நடுவில் ஆழமான சுழி விழுந்ததும் சட்டென்று எதிர்ப்பக்கம் மாற்றிச் சுழற்றுகிறார்கள். சுழி உடைந்து நுரை பொங்கும், மறுபடி புதுச் சுழி விழும். இப்படி ஒரு மணி நேரம். யாரும் பேசவில்லை, கைபேசியை எடுக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு ஹெக்டேருக்குப் போவது சுமார் 100 கிராம் சாணம். தொழுவுரம் டன் கணக்கில் போடும் வேலையை இது சத்தாகச் செய்யும் என்று எந்தக் கணக்கிலும் வராது. வேறு ஏதோ வழியில் வேலை செய்கிறது என்றால், கொம்பு போட்ட நிலத்துக்கும் போடாத நிலத்துக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

அதையும் பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் உக்கையா அருகே மெர்லோ என்ற திராட்சை ரகம் போட்ட ஒரு தோட்டத்தை 1996 முதல் இரண்டு விதமாக நடத்தினார்கள். எல்லாமே இயற்கை முறை, ஒரு பாதிக்கு மட்டும் பயோடைனமிக் தயாரிப்புகள். 2005-ல் ஆய்வு முடிவுகள் வெளிவந்தன. முதல் ஆறு ஆண்டுகளில் மண்ணின் தரத்தில் வித்தியாசமே இல்லை. மறு பக்கம், சுவிட்சர்லாந்தில் தெர்வில் என்ற ஊரில் 1978-லிருந்து நடக்கும் நீண்ட சோதனை ஒன்று உண்டு. 2002-ல் வெளியான அதன் 21 ஆண்டு முடிவுகளில், இயற்கை முறை நிலங்களில் விளைச்சல் சுமார் 20 சதவீதம் குறைவு, மண்ணின் உயிர்ப்போ நிறையக் கூடியிருந்தது. பயோடைனமிக் பாத்திகள் அதில் நன்றாகவே தேறின. ஆனால் அவற்றுக்குப் போனது நன்றாக மட்கவைத்த எரு. கொம்பையும் மட்கையும் அங்கே பிரித்துப் பார்க்க வழியில்லை.

மூன்று தம்ளர்கள்

இதையெல்லாம் படித்த பிறகும் ஏதோ குறைந்தது. மாறியது ஒரு மாலையில். சவெனியேருக்குச் சற்றுத் தள்ளி ஒருவர் சில ஹெக்டேர் வைத்திருக்கிறார். இயற்கை முறைதான், ஆனால் கொம்பு கிடையாது, நிலா நாள்காட்டி கிடையாது. அவரிடம் ஒயின் வாங்கப் போனவன் பேச்சுவாக்கில் என் கேள்வியைப் போட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சமையலறைக்குள் போய் மூன்று கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் பிடித்து மேசைமேல் வைத்தார். பிறகு சன்னல் விளிம்பில் காய்ந்துகொண்டிருந்த மூன்று மண்கட்டிகளை எடுத்துவந்தார். நெல்லிக்காய் அளவு. ஒன்று அவருடைய நிலத்தில் எடுத்தது. இன்னொன்று பயோடைனமிக் செய்யும் நண்பர் ஒருவரின் வரிசையில் எடுத்தது. மூன்றாவது, பல ஆண்டுகளாகக் களைக்கொல்லி மட்டுமே கண்ட ஒரு நிலத்தில் எடுத்தது. மூன்றும் ஷிஸ்ட் மண், பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. ஒவ்வொன்றையும் கம்பி வலைத் துண்டில் வைத்துத் தண்ணீருக்குள் இறக்கினார்.

களைக்கொல்லி மண் உடனே குமிழ் விட்டது. ஓரங்கள் உப்பி, சில நொடியில் ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. ஒரு நிமிடம் ஆவதற்குள் வலைமேல் சில கற்சில்லுகள்தான் மிச்சம், தண்ணீர் செங்காவியாகிவிட்டது. மற்ற இரண்டும் அப்படியே உட்கார்ந்திருந்தன. மெல்லிய குமிழ் ஒன்றிரண்டு மேலே வந்தது, தண்ணீர் தெளிவாகவே இருந்தது. நாங்கள் சாப்பிட்டு முடித்து வந்து பார்த்தபோதும் அப்படியே. தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால், முடியைவிட மெல்லிய வேர்கள் கட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்திருந்தன. வேரும் பூஞ்சை இழையும் மண்புழு எச்சமும் மண்துகளை ஒட்டிப் பிடிக்கின்றன. அந்தப் பிடிப்பு இல்லாத காய்ந்த கட்டிக்குள் தண்ணீர் புகும்போது உள்ளே அடைபட்ட காற்று அதை வெடிக்க வைத்துவிடுகிறது. மழை நாளில் சரிவிலும் இதுதான் நடக்கும்.

"எது கொம்பு போட்டது, சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். சொல்ல முடியவில்லை. அவராலும் பார்த்துச் சொல்ல முடியாதாம், வலையில் நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தார். அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: "ஜோலிக்கு இரண்டு வருஷத்தில் தெரிந்துவிட்டது. அந்தச் சரிவு அவரை ஏமாற்றவில்லை. கீழே ஆற்றோரச் சமவெளியில் மீட்டர் கணக்கில் மண் இருக்கிறது, அங்கே இருபது வருஷம் தப்பு செய்தாலும் தெரியாது."

என் கேள்வி அங்கே திரும்பிக்கொண்டது. கொம்பு மண்ணை மாற்றியதா என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த மண்தான் ஜோலியை மாற்றியது என்று இப்போது நினைக்கிறேன். முழங்கை ஆழ மண்ணில், செங்குத்துச் சரிவில், புல்லைக் கொன்றால் அடுத்த சில மழைகளிலேயே தோட்டம் கீழே இறங்கத் தொடங்கும். சரிவின் சில பகுதிகளில் டிராக்டர் ஏற முடியாது, குதிரையைக் கொண்டுதான் உழ வேண்டும். அதிக உரம் போட்டு அதிகம் விளைவிக்கலாம் என்ற ஆசைக்கும் ஷிஸ்ட்டில் இடமில்லை. நவீன முறைகள் தருவதாகச் சொன்ன லாபங்களை வாங்கிக்கொள்ள முடியாத நிலம் அது, நஷ்டங்களை மட்டும் முதல் ஆளாக வாங்கிக்கொண்டது. அந்த நிலையில் ஒருவர் கைக்கு எந்த நல்ல ஒழுங்குமுறை வந்திருந்தாலும், களைக்கொல்லி கூடாது, செயற்கை உரம் கூடாது, மட்கு போடு, மாடு வை, வரிசைக்கு வரிசை நடந்து பார் என்று அது சொல்லியிருந்தால், நிலம் பிழைத்திருக்கும். வந்தது ஸ்டைனரின் ஒழுங்குமுறை. மதுவை நல்லதென்று கருதாத ஸ்டைனரின் சொற்பொழிவுகள் ஒரு ஒயின் தோட்டத்துக்கு வழிகாட்டின.

ஜோலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. எல்லோரும் களைக்கொல்லியை முன்னேற்றம் என்று நம்பிய நாளில், கண்ணெதிரே கண்டதை நம்பி நிறுத்தியவர் அவர். அதற்குத் துணிச்சல் வேண்டும். கோள்களின் விசை, கொம்பு ஈர்க்கும் ஆற்றல் என்று அவர் தரும் விளக்கத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. விளக்கம் தவறானாலும் பலன் நன்றாக இருந்தால் என்ன என்று கேட்பார்கள். பலன் நன்றாக இருப்பதால்தான் விளக்கத்தைப் பற்றி நான் கவலைப்படுகிறேன். பெருமை கொம்புக்குப் போனால், கொம்பு வாங்கிப் புதைத்துவிட்டு, தரையை மொட்டையாகவே வைத்திருக்கும் ஆளும் நானும் அதைத்தானே செய்தேன் என்பார். பலன் வராதபோது இயற்கை வேளாண்மையே பொய் என்றும் சொல்லிவிட்டுப் போவார். செய்த வேலைக்குப் பெயர் போய்ச் சேர வேண்டும்.

செம்பையும் மறைக்கக் கூடாது. ஈரம் மிகுந்த ஆண்டுகளில் அடிச்சாம்பல் நோய் கொம்பைப் பார்த்து ஒதுங்குவதில்லை. இங்கே இயற்கை முறைக்காரர்களும் பயோடைனமிக்காரர்களும் மயில்துத்தம் என்ற செம்பு உப்பைச் சுண்ணாம்போடு கலந்துதான் அடிக்கிறார்கள், 1885 வாக்கில் தாவரவியலாளர் மில்லார்டே உலகுக்குச் சொன்ன அதே போர்தோ கலவை. செம்பு மண்ணைவிட்டுப் போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும், மண்புழுவுக்கும் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது. பயோடைனமிக் சான்றுக்கு அதைவிடக் கடுமையான வரம்பு, அது நல்ல விஷயம். மெல்லிய மண்ணில் இந்தச் செம்பு என்ன செய்கிறது என்பதை நிலா நாள்காட்டியைவிட ஆழமாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். செலவும் அப்படித்தான். 7 ஹெக்டேரில் குதிரை உழவும் பல நடைப் பறிப்பும் செரான் பாட்டிலின் விலையில் கட்டுபடியாகிறது. தம்ளர் வைத்துக் காட்டியவருக்கு அந்த விலை கிடைக்காது. வரிசைகளுக்கு நடுவே புல்லை விட்டு, குளிர்காலத்தில் பக்கத்து ஊர்க்காரரின் ஆடுகளை உள்ளே விடுகிறார். அதிலேயே அவர் மண் தண்ணீரில் நிற்கிறது.

அந்தத் தம்ளர் படங்களைச் சுருளிப்பட்டியில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "கொம்பு கெடக்கட்டும்ப்பா, களைக்கொல்லிய நிறுத்துனா பந்தலுக்கடியில புல்லு மண்டாதா? பாம்பு வந்து அடையுமே, ஆளு எப்படிக் கவாத்துக்குப் போவான்?" நியாயமான கேள்வி. பந்தல் நிழலில் எந்த மூடுபயிர் வளரும், எவ்வளவு உயரத்தில் அறுத்துவிடலாம் என்று பேசினோம். அவருடையது சரிவு இல்லை, ஆழமான செம்மண். இரண்டு ஆண்டில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். அன்று சாயங்காலமே வரப்போரத்தில் ஒரு கட்டியை எடுத்துக் காயவைத்துச் சொம்பில் போட்டுப் பார்த்திருக்கிறார், கரைந்துவிட்டது. வரப்போரம் ஆள் நடமாடி இறுகிய மண், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறார். மழை விட்டதும் பந்தலின் நடுவிலிருந்து ஒன்று, தென்னைக்கு அடியில் களைக்கொல்லி படாத இடத்திலிருந்து ஒன்று, இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்ப்பதாக இருக்கிறார்.